ஹொதைதாவின் கிரேன்கள்

ஏமன் போரை 'சன்னி–ஷியா சண்டை' என்று நம் ஊடகங்கள் எழுதி முடித்துவிடுகின்றன. நான் ஹொதைதா துறைமுகத்திலிருந்து தொடங்குவேன். உணவுக்கு இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டின் முக்கிய வாசல் அது. 2015 ஆகஸ்ட்டில் சவூதி கூட்டணி விமானங்கள் அங்கிருந்த கிரேன்களைத் தகர்த்தன. கிரேனுக்குள் எந்தப் படை பதுங்கியிருந்தது? பட்டினிதான் போர்த்தந்திரம். கூட்டணி விமானங்களுக்கு 2018 நவம்பர் வரை நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொடுத்தது அமெரிக்கா. ஈரான் ஆயுதம் கொடுத்த ஹூதிகளும் யோக்கியர்களல்லர். தைஸ் நகரை முற்றுகையிட்டவர்கள் அவர்கள்.

சாதியை ஆய்வு செய்கிற எனக்கு இதில் தொண்டையில் சிக்குவது முஹமஷீன் மக்களின் நிலை. பிறப்பால் ஒதுக்கப்பட்டு, தலைமுறைகளாகத் தெருக்கூட்டும் கறுப்பு ஏமனியர்கள். குண்டுக்குத் தப்பி ஓடியவர்களை முகாம்களில் சேர்க்க மறுத்தவர்கள் சக ஏமனியர்களே. 2018 டிசம்பரில் ஹொதைதா குறித்து ஸ்டாக்ஹோமில் பேசியவை இரண்டே தரப்புகள்: அரசும் ஹூதிகளும். தெருக்கூட்டுபவர்களுக்கு அங்கே நாற்காலி போடவில்லை.