கோலார் விட்டுச் சென்ற புதிர்

ஜினீவாவிலுள்ள ஸெர்ன் ஸ்தாபனம் 2024-ஆம் வருஷம் ‘ஷிப்’ என்னும் பரிசோதனைக்கு அனுமதி தந்தது. அதிவேகப் புரோட்டான்களைக் கனத்த உலோகக் கட்டியில் மோதவிட்டு, பிறக்கும் சாமானியத் துகள்களை அங்கேயே அடக்கிவிடுவார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஜலத்தைத் தடுத்தாலும் அப்பால் ஊற்றுக் கசிவதில்லையா? அதுபோல, எதனோடும் ஒட்டாத மறைதுகள் ஏதேனும் இருப்பின், அது தடையைக் கடந்து அப்பாலுள்ள நீண்ட கூடத்தில் சிதையும். அச்சிதைவே சாட்சி.

அந்நிய தேசத்து ஆராய்ச்சி நமக்கெதற்கு என்பார் சிலர். இத்தகைய தடயத்தை 1975-லேயே உலகுக்கு அறிவித்தவர்களில் நம்மவரும் உண்டு! தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், பாறையில் பிறந்து சற்றே விலகிச் சிதைந்தவை போன்ற சில சுவடுகளைக் கண்டனர். மேனாட்டு யந்திரங்களில் தேடியபோது அவை அகப்படவில்லை. சுவடுகளோ சொற்பம், வழக்கு தீரவில்லை. 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது.

2017 முதல் இந்தியா ஸெர்னில் இணை அங்கத்தினர், சந்தாவும் செலுத்துகிறோம். அங்கே ஒப்பந்தம் கோர நம் யந்திரசாலைகளுக்கு உரிமையுண்டு. மோட்டார் வண்டிகளை நுட்பமாகச் செய்யும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் துகளுணர் கருவிகளின் பாகங்களைச் செய்யலாகாதா? கருவிகள் உருவாகும் காலம் இதுவே. சர்க்கார் இதற்கென ஆட்களையும் பணத்தையும் தாமதமின்றி ஒதுக்க வேண்டும்.