கடவுளோடு பேச இடையில் ஆள் எதற்கு?



சில ஆண்டுகளுக்கு முன்னர் டோர்ட்மண்டிலிருந்து குடும்பத்தோடு ஓர் ஆலயத்திற்குச் சென்றிருந்தோம். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்வித்தோம். குருக்கள் ஐயா வடமொழியில் மந்திரம் ஓதி, திருநீறும் பூவும் தந்தார். எல்லாம் முறைப்படியே நடந்தன. திரும்பி வரும் வழியில், அப்போது பதினொரு வயதாயிருந்த என் மகள் கேட்டாள்: "அம்மா, ஐயா என்ரை பேரைச் சொல்லி அம்மனிட்டை என்ன கேட்டவர்?" எனக்குத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "அப்ப நானே கேட்டால், அம்மனுக்கு டொச் விளங்காதோ?" என்றாள். அன்று நான் பேசாதிருந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லத் தவறிய விடையையே இன்று எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். ஆலயங்களுக்கு எதிராக எழுதப்பட்டதன்று இக்கட்டுரை. ஹம் நகரில் 1989இல் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002இல் கோபுரத்தோடு எழுந்த காமாட்சி அம்பாள் ஆலயமாக வளர்ந்தது. அகதிகளாக வந்த ஓர் இனத்தின் உழைப்பும் குருமாரின் தளராத முயற்சியும் சேர்ந்த சாதனை அது. தேர்த் திருவிழாவில் ஆயிரமாயிரமாய் எம்மவர் கூடுகின்றனர். ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் கெவெலார் மாதாவிடம் கத்தோலிக்கத் தமிழரோடு சைவத் தமிழரும் செல்கின்றனர். இவ்விடங்கள் இல்லையேல் இந்நாட்டில் நாம் ஒருவரையொருவர் மறந்திருப்போம்.

ஆயினும் கேட்கின்றேன்: கூட்டம் கூடிவிட்டது, பிள்ளைக்குக் கடவுளோடு உறவு உண்டாயிற்றா?

நாம் செய்வதென்ன? பிள்ளைக்குச் சோதனை என்றால் அருச்சனை. வீட்டில் நோய் என்றால் பரிகாரம். வேலை போனால் ஊரிலிருந்து வந்த சாத்திரியாரிடம் கைரேகை. கிறிஸ்தவ வீடென்றால் போதகரைத் தொலைபேசியில் அழைத்துச் செபம். நாம் இரவுப் பணி முடித்து வந்து உறங்குகின்றோம். எமக்காக வேறொருவர் வேண்டிக்கொள்கின்றார். பிள்ளையோ தாய் தந்தையர் தம் வாயால் இறைவனோடு பேசுவதை ஒருநாளேனும் கண்டதில்லை. வழிபாடு என்பது கட்டணம் செலுத்திப் பிறரைக் கொண்டு செய்விக்கும் ஒரு சேவை என்றே அது கற்றுக்கொள்கின்றது. பதினெட்டு வயதில் அப்பிள்ளை ஆலயத்தை விட்டு விலகினால், பழி யேர்மன் பள்ளிக்கூடத்திற்கா, எமக்கா?

பிள்ளை விலகிப் போவதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. தனக்கென்று ஒரு வேண்டுதல் இல்லாதவன், வேண்டுதலை விற்பவனுக்கு எளிதில் இரையாவான். இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. எம் தீவிலே, மாத்தளையில் பிறந்த ஒருவர் சுவாமி பிரேமானந்தா என்ற பெயரோடு 1984இல் தமிழகம் சென்று, திருச்சிராப்பள்ளிக்கு அருகில் ஆச்சிரமம் அமைத்தார். 1983 வன்செயல்களில் யாவும் இழந்து தவித்த எம்மவர் அவரை நம்பினர். ஆதரவற்ற ஈழத்துச் சிறுமிகள் அங்கே வளர்ந்தனர். அவர் வாயிலிருந்து இலிங்கம் வந்ததைக் கண்டு மெய்சிலிர்த்தோர் பலர். ஆச்சிரமத்துள் நடந்ததை வெளியே சொன்னவர்கள், அங்கிருந்து தப்பி வந்த பெண்களே. 1994இல் அவர் கைதானார். பாலியல் வன்கொடுமைக்காகவும், ரவி என்ற இலங்கைப் பொறியியலாளரின் கொலைக்காகவும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2011இல் அவர் தண்டனைக் கைதியாகவே இறந்தார். தீர்ப்புக்குப் பின்னரும் ஐரோப்பாவில் அவரை நம்பியோர் இருந்தனர் என்பதே எல்லாவற்றிலும் கொடியது! அந்தச் சிறுமிகளின் கண்ணீரைவிட அவர் வாயிலிருந்து வந்த இலிங்கம் அவர்களுக்குப் பெரிதாயிற்று.

இது சைவருக்கு மட்டும் நேர்ந்த இழிவன்று. யேர்மன் கத்தோலிக்க ஆயர் பேரவை தானே செய்வித்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. 1946 முதல் 2014 வரையான காலத்தில் 1670 குருமார் மீதான குற்றச்சாட்டுகளும், பாதிக்கப்பட்ட 3677 சிறுவர் சிறுமியரும் அதில் பதிவாயினர். காவியானாலும் அங்கியானாலும், கேள்வி கேட்கக் கூடாதவர் என்று ஒருவரை உயர்த்தி வைத்துவிட்டால் அவர் காலடியில் நசுங்குவது பிள்ளைகளே. நல்ல குருமார் பலர் உளர். அவர்களை இது குறையாது. நல்லவர் கேள்விக்கு அஞ்சுவதில்லை.

நாம் வாழும் இந்நாட்டின் வரலாறும் இதையே சொல்கின்றது. பணம் கொடுத்தால் பாவத் தண்டனை நீங்கும் என்று சீட்டு விற்கப்பட்ட காலத்தில், 1517இல் மார்ட்டின் லூதர் அதனை எதிர்த்து எழுந்தார். 1522இல் புதிய ஏற்பாட்டை மக்கள் பேசும் யேர்மன் மொழியில் வெளியிட்டார். டோர்ட்மண்ட் நகர நடுவில் நாம் கடந்து செல்லும் றைனோல்டித் தேவாலயம் அந்த எழுச்சிக்குப் பின் சீர்திருத்தத் திருச்சபையின் வசமானதே. அந்த வழியில் வந்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றினார். யேர்மனியில் பிறந்த ஒருவர், தமிழரிடம் கடவுளைப் பற்றிப் பேசத் தமிழே வேண்டும் என்று உணர்ந்தார். தமிழராய்ப் பிறந்த நாமோ, எம் பிள்ளைக்கு விளங்காத மொழியில் வேறொருவர் பேசினால் போதும் என்றிருக்கின்றோம்!

இதனை அந்நியரிடம் கற்க வேண்டிய நிலையும் எமக்கில்லை. கண்ணப்பர் கதையை நினைத்துப் பாருங்கள். ஆகமம் அறிந்த சிவகோசரியார் முறைப்படி பூசை செய்தார். வேடர் குலத்துத் திண்ணனார் வாயில் நீர் சுமந்து வந்து, தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தார். மறைந்திருந்து பார் என்று இறைவன் அந்தப் பூசகருக்கே கட்டளையிட்டான். பூசகர் தண்டிக்கப்படவில்லை, அன்பு யாதென்று அவருக்குக் காட்டப்பட்டது. திருமறைக்காட்டிலே மூடிக் கிடந்த கதவு அப்பர் பெருமானின் தமிழுக்குத் திறந்தது என்கிறது பெரியபுராணம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலோ இன்றும் பூசகர் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்கின்றார். மௌனத்தை ஏற்கும் முருகன் உங்கள் பிள்ளையின் திக்கித் திணறும் தமிழை ஏற்கமாட்டானா?

"குருவில்லாத வித்தை பாழ் அல்லவா?" என்று கேட்பீர்கள். உண்மையே. ஆனால் எம் மண்ணின் குருமார் எத்தகையோர்? நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் பித்தர் என்றனர். நாடி வந்தோரை அவர் ஏசித் துரத்தினார். அவருடைய சீடர் யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையில் ஒரு குடிலில் எளிமையாய் வாழ்ந்து, 1964இல் மறைந்தார். ஆறுமுக நாவலரோ வினாவும் விடையுமாகச் சைவ நூல் எழுதி அச்சிட்டு, சாதாரண மக்களின் கையில் கொடுத்தார்; ஆலயத்தில் நடந்த பிழைகளையும் துணிந்து கண்டித்தார். சாதி பற்றிய அவருடைய நிலையை நாம் ஏற்க வேண்டியதில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் வாசலில் அறப்போர் நடத்த வேண்டி வந்ததை மறக்கவும் கூடாது. ஆயினும் அறிந்து வழிபடு என்ற அவர் வழி சரியானதே. உண்மையான குரு உன்னை இறைவனிடம் விட்டுவிட்டு ஒதுங்குவார். போலிக் குரு இறைவனை மறைத்து நிற்பார். வேறுபாடு இவ்வளவுதான்.

பெற்றோர்களே, பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. மாலையில் பத்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நிறுத்துங்கள். விளக்கை ஏற்றியோ, சிலுவையின் முன் அமர்ந்தோ, முதலில் நீங்கள் வாய்விட்டுப் பேசுங்கள். நன்றி சொல்லுங்கள், துயரைச் சொல்லுங்கள். பிள்ளை தன் சொற்களில் பேசட்டும். தமிழ் தடக்கினால் டொச் கலக்கட்டும். நாளடைவில் தமிழ் வரும். வாரம் ஒரு தேவாரத்தையோ சங்கீதத்தையோ பொருளறிந்து படியுங்கள். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் காணிக்கைக்குக் கணக்குக் கேளுங்கள். எவ்வளவு புனிதர் என்று போற்றப்படுபவராயினும், பிள்ளையை அவரோடு தனியே விடாதீர்கள். பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால், முதலில் பிள்ளையை நம்புங்கள்.

இளையோரே, உங்களுக்கும் ஒரு சொல். பெற்றோரின் வழிபாடு வெறும் சடங்காய்த் தெரிந்ததால் கடவுளையே தள்ளிவிடாதீர்கள். நீங்கள் கண்டது எங்கள் குறையை. உங்கள் கேள்விகளோடும் கோபத்தோடும் நேராகவே அவரிடம் செல்லுங்கள். அவருடைய வாசலில் அனுமதிச் சீட்டு இல்லை. நட்சத்திரமும் கோத்திரமும் அங்கே கேட்கப்படுவதில்லை.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். அவளுக்கான விடை இதுதான்: அம்மனுக்கு டொச்சும் விளங்கும், தமிழும் விளங்கும். நீ பேசு, பிள்ளை.