சாட்சி சொல்ல யார் வருவார்?

ஆஸ்திரேலியாவுக்குத் திறன் அடிப்படையில் குடியேற விண்ணப்பிக்கிறவர் (189, 190 போன்ற விசாக்கள்) தன் துணையையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் துணை தாலி கட்டியவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறவரும் துணைதான். 'டி ஃபேக்டோ' உறவு என்று அதற்குப் பெயர். 2009 ஜூலை முதல் ஒரே பாலினத்தவரின் உறவுக்கும் இது பொருந்தும்.

கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே ஒரு வார்த்தை வருகிறது: நிரூபியுங்கள்!

இந்த வார்த்தையை அஞ்செட்டியில் இருந்து படித்துப் பார்க்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டுக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற ஊர் அது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படித்து முடித்ததும் ஓசூர் சிப்காட்டுக்கோ, எல்லை தாண்டி பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கோ வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போன ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெண் அஞ்செட்டி, பையன் ஓசூர். சாதி வேறு. இரண்டு வருடமாக பெங்களூருவில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இது ஊருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

இவர்களிடம் சட்டம் என்ன கேட்கிறது? ஆஸ்திரேலியக் குடியேற்ற விதிகளில் 1.09ஏ என்று ஒன்று இருக்கிறது. அதிகாரி நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்கிறது அது. இருவரின் பணம், இருவரின் வீடு, சமூகத்தின் முன் இருவரும் எப்படி இருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பிடிப்பு. இது போக, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் குறைந்தது 12 மாதம் அந்த உறவு இருந்திருக்க வேண்டும்.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடப்படுகிறது. பதிவுச் செலவை மிச்சப்படுத்தத்தான்! அவர்கள் கேட்பது 12 மாதம், நம் கையில் இருப்பதோ 11 மாதப் பத்திரம். அதிலும் இரண்டு பெயர் இருக்காது. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டு மாட்டியிருக்கும் வீட்டு ஓனரிடம் உண்மையைச் சொல்லி யார் வீடு வாங்க முடியும்? ஒருவர் பெயரில் பத்திரம், இன்னொருவர் 'உறவினர்'. ஆதாரமாகக் காட்ட வேண்டிய காகிதமே பொய் சொல்கிறது.

அடுத்தது பணம். கூட்டுக் கணக்கு தொடங்க இருவரும் மணமானவர்களாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஆதாரில் இருக்கிற முகவரி அஞ்செட்டி வீடு. வங்கிக் கடிதம் அங்கே போனால் கதை முடிந்தது. சரி, பி.எஃப்.பில் நாமினியாகப் போடலாமா? அந்தத் திட்டம் 'குடும்பம்' என்று சொல்வது கணவன், மனைவி, பிள்ளைகள், நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோர் போன்றவர்களை. சேர்ந்து வாழும் துணைக்கு அதில் இடமே கிடையாது.

மூன்றாவதுதான் கொடுமை. சமூகம்! இரு குடும்பத்தோடும் எடுத்த படம், இருவர் பெயரும் போட்ட அழைப்பிதழ், 'இவர்கள் ஜோடி என்று எங்களுக்குத் தெரியும்' என்று நாலு பேரின் கையெழுத்து. ஏஜெண்டுகள் தரும் பட்டியலில் இதெல்லாம் தவறாமல் இருக்கும்.

2018ல் ஓசூர் அருகே சூடகொண்டபள்ளியைச் சேர்ந்த இருவர் சாதி மாறி மணந்துகொண்டு ஓசூரில் வாழ்ந்தார்கள். அந்த நவம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தார். கைதானவர்களில் பெண்ணின் தந்தையும் இருந்தார். இந்த மண்ணில் 'குடும்பத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்' என்றால் என்ன அர்த்தம்?

"பேசாமல் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. மணமானவர்களுக்கு அந்த 12 மாத நிபந்தனை இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் சூடகொண்டபள்ளி ஜோடியும் மணமானவர்கள்தான். மதம் வேறு என்றால் 1954ன் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 30 நாள் நோட்டீஸ், அதுவும் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி. ஒரே பாலின ஜோடிக்கோ அந்த வழியும் இல்லை. திருமணம் செய்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களுக்கு டி ஃபேக்டோ ஒன்றுதான் கதவு.

"போலி ஜோடிகள் வருகிறார்களே, சரிபார்க்க வேண்டாமா?" நியாயமான கேள்வி. ஆடிட்டர் வவுச்சர் கேட்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வணிகவியல் படிக்கிற யாருக்கும் தெரியும், வவுச்சர் எல்லாம் கச்சிதமாக இருக்கிற கணக்கிலும் மோசடி உண்டு. கூட்டுக் கணக்கு, வாடகைப் பத்திரம், சிரித்த முகத்தோடு படங்கள் என்று போலி ஜோடி ஒரு வருடத்தில் ஃபைலைத் தயார் செய்துவிடும். அவர்களுக்குப் பயம் இல்லையே! பயந்து ஒளிந்து வாழும் உண்மையான ஜோடியிடம்தான் காகிதம் இருக்காது. இந்தச் சல்லடையில் பதர் தங்குகிறது, நெல் விழுந்துவிடுகிறது.

இதில் இன்னொரு தூண்டிலும் இருக்கிறது. 2019 நவம்பர் முதல் துணை இல்லாதவருக்கு 10 புள்ளிகள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த துணை இருந்தால் 5 தான். நிரூபிக்க முடியாத ஜோடிக்கு, 'சிங்கிள்' என்று போட்டுவிட்டால் வேலையும் மிச்சம், புள்ளியும் லாபம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பொய்த் தகவல் என்று தெரிந்தால் விசா மறுப்பதோடு, மூன்று வருடம் கதவு அடைக்கப்படலாம்.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிப் பயனில்லை. கோவையிலிருந்து போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் 2010ல் நம் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதையேதான் கேட்டது. திருமணம் போன்ற உறவு என்றால், சமூகத்தின் முன் கணவன் மனைவி போல வாழ்ந்திருக்க வேண்டுமாம். இங்கேயும் சமூகம்தான் சாட்சி. சமூகமே கொலைகாரனாக நிற்கும்போது சாட்சிக் கூண்டில் யாரை ஏற்றுவது?

உண்மையில் ஆஸ்திரேலியச் சட்டத்தின் எழுத்து அவ்வளவு இறுக்கமானது இல்லை. உறவின் எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 2015ல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வே சொல்லியிருக்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்த இடத்தை ஏஜெண்டுகளின் பட்டியல் மூடிவிடுகிறது. அதை முதலில் உடைக்க வேண்டும். குடும்பப் படம் இல்லையென்றால் ஏன் இல்லை என்று விண்ணப்பதாரர் எழுத வேண்டும். அந்தப் பயத்தையும் ஓர் ஆதாரமாக அதிகாரி படிக்க வேண்டும். ஊர் அறியாமல் வாழ்கிறவர்களிடமும் தேதி போட்ட தடயங்கள் இருக்கும். மாதாமாதம் போன பணப் பரிமாற்றம், ஒரே முகவரிக்கு வந்த பார்சல்கள், பஸ் டிக்கெட், இரவு பன்னிரண்டு மணிக்கு 'சாப்பிட்டாயா?' என்று கேட்ட செய்தி. ஓர் அழைப்பிதழை விட இவை எந்த விதத்தில் குறைவு?

நம் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. வாடகைப் பத்திரத்தில் இரண்டு பெயர், பி.எஃப். நாமினியில் துணைக்கு ஓர் இடம். இதற்கெல்லாம் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை.

ஊரைச் சாட்சிக்கு அழைப்பதற்கு முன், அந்த ஊர் அவர்களை உயிரோடு விட்டு வைக்குமா என்று ஒரு முறை கேட்டுவிட்டு அழையுங்கள்.