அக்கம்பக்கத்தில் யார்?

(முன்னாள் மாணவி ஒருவர்)



நான் இப்பள்ளிச் சீருடை அணிந்திருந்த காலத்தில் பேனா நட்பு என்பது மாணவியரிடையே ஒரு பெரும் மோகமாக இருந்தது. எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தோழி. அவள் கடிதம் வரும் நாளில் தபால்காரரின் சைக்கிள் மணிக்காக வாசற்படியிலேயே காத்துக் கிடப்பேன். படித்த கதைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வோம். எங்கள் வீட்டிற்கு நான்காவது வீட்டில், அதே கதைகளைப் படித்துவிட்டுப் பேச ஆளில்லாமல் ஒருத்தி இருந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகே தெரிய வந்தது.

நிற்க. இன்று பேனாவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த நான்காவது வீட்டுக் குறை தீர்ந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

என் தம்பி மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பறவை பார்ப்பதில் ஆர்வம் மிக்கவள். இதற்கென்று உலகெங்கும் பரவிய ஓர் இணையக் குடும்பம் உண்டு. 'ஈ-பேர்டு' என்று பெயர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-இல் தொடங்கியது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நின்றோம், எந்தப் பறவை எத்தனை கண்டோம் என்று பட்டியலிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவே. இதை விளையாட்டென்று தள்ளிவிட வேண்டாம். 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, முப்பதாயிரம் பேருக்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அனுப்பிய இத்தகைய பட்டியல்களே.

நம் பகுதிக்கோ குளங்களால் குறைவில்லை. கவிமணி பிறந்த தேரூரின் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த நீர்நிலைத் தொகுதி 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஈர நிலங்களைக் காக்க 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கை அது. கொட்டாரத்தில் நாகர்கோவில் பேருந்து ஏறி, சுசீந்திரத்தில் இறங்கும் நம்மில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரைத் திரும்பிப் பார்த்திருக்கிறோம்?

ஒரு டிசம்பர் மாதக் காலையில் நானும் தம்பி மகளும் குளக்கரையில் நின்றோம். கரையோர நைலான் வலையில் சிறகு சிக்கி ஒரு நீர்க்காகம் துடித்துக்கொண்டிருந்தது. அவள் உடனே படமெடுத்துத் தன் பறவையாளர் குழுவிற்கு அனுப்பினாள். அதில் நூற்றுக்கணக்கானோர் உண்டு. கோவையிலிருந்து கண்ணீர் முகம் வந்தது. துபாயிலிருந்து கூப்பிய கைகள் வந்தன. "பாவம்", "பாவம்" என்று பதினான்கு பேர் எழுதினர். 'நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், இதோ வருகிறேன்' என்று எழுத ஒருவருமில்லை. கடைசியில் தாமரை பறித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர்தான் இடுப்பளவு தண்ணீரில் வந்து, கத்தியால் வலையை அறுத்துவிட்டார். "இது எப்பவும் உள்ளதுதான் மக்களே" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

"அத்தை, நம்ம பக்கத்துல யாருமே இல்லியா?" என்று அவள் கேட்டது என்னை உறுத்தியது. அன்றிரவே தேடினோம். பலரும் தவறுகின்ற இடம் இதுதான். உறுப்பினர் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. என்றோ சேர்ந்து மறந்துபோனவர்களே அதில் அதிகம். குழுவில் அதிகம் பேசுவோரைப் பார்த்தும் பயனில்லை. ஊரின் பக்கத்தைத் திறந்து, அங்கே வேலை செய்திருப்பவர் யாரென்று பார்க்க வேண்டும். ஈ-பேர்டில் பல பொதுக் குளங்களுக்கும் தனிப் பக்கம் உண்டு. அண்மையில் அங்கே பட்டியலிட்டவர் பெயரும் தேதியும் அதில் காணலாம். அதிக இனங்கள் கண்டோர் வரிசையும் உண்டு. அந்த வரிசையில் மயங்கிவிடாதீர்கள்! காரில் வந்து மூன்று நாள் தங்கிய வெளியூர்க்காரரும் அதில் முன்னுக்கு வந்துவிடலாம்.

நாங்கள் கண்ட வழி வேறு. வலசைப் பறவைகள் வரும் டிசம்பர், ஜனவரியில் யார் யாரோ வருவார்கள். நீளவால் இலைக்கோழியும் நாமக்கோழியும் மட்டுமே துணையாக இருக்கும் ஜூன், ஜூலையில் யார் வருகிறார்? சாரல் மழையில் குடை பிடித்துக்கொண்டு எண்ணுகிறவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க முடியும். அப்படிச் சலித்தபோது இரண்டே பெயர்கள் மிஞ்சின.

பெயர் கிடைத்தது, ஆனால் தொடர்புகொள்ள முகவரியில்லை. முன்பின் தெரியாதவருக்குச் செய்தி அனுப்பும் வசதியும் அங்கில்லை. அது நல்லதென்றே நான் நினைக்கிறேன். காரணம், பெண் பிள்ளைகள் இதில் விழிப்பாயிருக்க வேண்டும். அருகிலுள்ளவரை நாம் கண்டுபிடிக்கும் அதே வழியில் பிறரும் நம்மைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? ஒருத்தி சனிக்கிழமைதோறும் ஆறரை மணிக்கு இன்ன குளக்கரையில் நிற்கிறாள் என்று பெயரோடு ஊருக்கு அறிவிப்பது சரியன்று. பெயரை மறைத்துக்கொள்ளும் வசதி அங்கேயே உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். வீட்டு மாடியிலிருந்து எண்ணினால் வீட்டின் இடத்தை வரைபடத்தில் குறிக்காதீர்கள். தனியே யாரையும் சந்திக்கச் செல்லாதீர்கள்.

இதைக் கேட்டதும் சில பெற்றோர், "அப்படியானால் கைப்பேசியே வேண்டாம்" என்பார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குளத்தை விட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் அடைத்தால், அவள் துபாயின் கூப்பிய கைகளோடுதான் மிஞ்சுவாள். பலர் கூடும் நாளில், பெரியவர் துணையோடு சந்திப்பதே முறை. அதற்கும் வழி இருக்கிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலையொட்டிக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிப்ரவரிக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியாவும் சேர்ந்துள்ளது. பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கென்றே அதில் ஒரு பிரிவு உண்டு.

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். இரண்டு பெயர்களில் ஒன்றுக்குரியவர் வந்திருந்தார். பணி ஓய்வு பெற்றவர், மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பல ஆண்டுகளாக அதே கரையில் எண்ணுகிறாராம். "இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன்" என்றார். அவர் வருவது செவ்வாய், வியாழன்; நாங்கள் போவது சனி. வலை பற்றிச் சொன்னதும், எந்தெந்த மூலையில் வலை கிடக்கும், வனத்துறையில் யாரிடம் சொன்னால் வருவார்கள் என்று விவரமாகக் குறித்துக் கொடுத்தார்.

தாமரை பறிக்கும் அண்ணாச்சிக்கு இந்த இணையக் குடும்பத்தில் இடமே இல்லை. அவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். ஆனாலும் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் முதல் பெயர் அவருடையதுதான்.

வரும் பொங்கல் விடுமுறையில், நம் பள்ளி மாணவியர் இருபது பேராவது ஆசிரியை ஒருவரின் துணையோடு குளக்கரைக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். தலைமை ஆசிரியை அவர்கள் இசைந்தால் நானும் உடன் வருகிறேன். என்னிடம் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. இடது கண்ணாடியில் சிறு கீறல் உண்டு. ஆனால் நாரை நன்றாகவே தெரியும்.