காது கேட்ட நாயனம்

ஹாஸ்டல்ல எல்லாரும் கிதார் வாங்குறாங்கன்னு நீங்களும் கிளம்பிட்டீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ்! அப்படி வாங்கின என் கிதார், இப்போ சந்தவாசல் வீட்டுப் பரண்ல தூங்குது.

அந்தக் கால நாயனம் 'திமிரி'. ஆள் குட்டி, சுருதி உச்சம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) காது தேடியதோ கீழ் சுருதி! நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, ஆச்சா மரத்தில் நீளமான 'பாரி' நாயனம் கடைந்து கொடுத்தார். குழல் நீண்டா சுருதி இறங்கும். 18 அடிப் பித்தளைக் குழாயைச் சுருட்டிய ட்யூபா உறுமுறதும் இதே பிசிக்ஸ்தான். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

அடுத்த கல்யாணத்துல பந்திக்கு ஓடாம, நாயனத்துக்குப் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நில்லுங்க. உங்க காது என்ன கேட்குதுன்னு தெரிஞ்சப்புறம் கடைக்குப் போகலாம். ஓகேவா?