உப்பை அள்ளும் கைக்கும் பாடம் வேண்டும்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2024-இல் தொழிலாளர்களைத் தேடி ஆலைகளுக்குள்ளும் போனது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை போன இடத்துக்கெல்லாம் சாப்பாட்டுப் பாடம் போகவில்லை.

அந்தத் திட்டம் வருவதற்கு முன், 2020-இல் தமிழகத்தில் நடந்த கணக்கெடுப்பில் வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை.

“உப்பைக் குறைங்க” என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். செவ்வாப்பேட்டையில் ரயிலேறி காக்களூர் தொழிற்பேட்டைக்கோ அம்பத்தூருக்கோ போகிறவர் எங்கே குறைப்பார்? காலையில் ஓட்டல் சாம்பார், மதியம் கேன்டீன் சாப்பாடு, மாலையில் பஜ்ஜி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் இளைஞர்களுக்கு இரவுச் சாப்பாடும் மெஸ்ஸில்தான். சாப்பிடுகிறவருக்குச் சொன்ன அறிவுரை சமைக்கிறவர் காதுக்குப் போவதே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் உப்புக்கு வைத்துள்ள வரம்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நாம் சாப்பிடுவது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கிராமில் சொன்னால் யாருக்கும் விளங்காது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும் என்று சொல்லுங்கள், விளங்கும். 500 பேருக்கான மதியச் சமையலில் ஒரு கிலோ விழுந்தாலே தலைக்கு 2 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் வராதவை.

உலைச் சூட்டில் வியர்த்து வேலை செய்பவருக்கு உப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். எவ்வளவு வேண்டும் என்பதை ஆலை மருத்துவர் சொல்லட்டும். ஊறுகாய்ப் பாட்டில் முடிவுசெய்யக் கூடாது.

தங்களிடம் கேட்பவை மூன்று. ஒன்று, கேன்டீன், மெஸ் சமையல்காரர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகப் பயிற்சி. உப்பை அளந்து போடுவது, புளியும் மிளகும் எலுமிச்சையும் கொண்டு ருசியை ஈடுகட்டுவது, கீரையும் காயும் கூட்டுவது எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குக் கேன்டீனும், அதை நடத்துவதில் தொழிலாளருக்குப் பங்கும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. மாதம் எவ்வளவு உப்பு வாங்கப்பட்டது என்பதை அந்தத் தொழிலாளர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்யுங்கள். மூன்று, விளக்கப் பலகைகள் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும்.

உப்பைக் குறைத்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அரசு காசு போட்டு வாங்கித் தரும் மாத்திரையின் பலனைக் கேன்டீன் தட்டு கெடுக்கிறது. நான் கேட்பது பெரிய செலவில்லாத வேலை. காக்களூரில் ஓர் ஆலைக் கேன்டீனில் தொடங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாப்பேட்டைவாசி ஒருவர்