ஓட்டை போடுறதுக்கு முன்னாடி எடை போடுங்க

நம்ம ஏரோமாடலிங் கிளப்புக்கு வர்ற ஜூனியர்ஸ் எல்லாரும் முதல்ல ஆசைப்படுறது ஒரே விஷயத்துக்குத்தான்: ரிப்ல ஓட்டை போடணும். லேசர் கட்டர்ல வரிசையா வட்டம் வெட்டி எடுத்தா, நிஜ விமானம் மாதிரியே இருக்கும். ஒத்துக்கிறேன். ஆனா இறக்கையோட எடை அங்க இல்லைங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. 1.2 மீட்டர் நீள இறக்கை, 200 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. பால்சாவில் 16 ரிப். எல்லா ரிப்பும் சேர்ந்தே 12 கிராம் பக்கம்தான் வரும். அதுல மூணுல ஒரு பங்கை வெட்டி எறிஞ்சாலும் லாபம் 4 கிராம். இப்போ முன்விளிம்பை மேலயும் கீழயும் மூடுற ஷீட்டுக்கு வாங்க. 1 மீட்டர் நீளம், 100 மி.மீ. அகலம், அதே 1.5 மி.மீ. தடிமன். மெதுவான ஷீட் 15 கிராம் இருக்கும். கெட்டியான ஷீட் 30 கிராம் வரும். ஒரே கட்டுக்குள்ளேயே இந்த மாதிரி வித்தியாசம் பார்க்கலாம். இறக்கைக்குக் கிட்டத்தட்ட ரெண்டு ஷீட் செலவாகும். சரியா பொறுக்கினாலே 25 கிராம் மிச்சம்!

அதுக்காக எல்லாத்துக்கும் மெதுவான மரம் போட்டுடாதீங்க. இறக்கையை வளைக்கிற விசையைத் தாங்குறது மேலயும் கீழயும் ஓடுற ஸ்பார்தான். கெட்டி பால்சா அங்க போகட்டும். ரெண்டு ஸ்பாருக்கும் நடுவுல வெப் ஒட்டும்போது நார் செங்குத்தா நிக்கணும்.

போன வருஷம் இதைச் சொதப்பினது நான்தான். எடை பார்க்காம, கட்டுல மேல இருந்த ஷீட்டை எல்லாம் இடது பக்கத்துக்கும் மிச்சத்தை வலது பக்கத்துக்கும் ஒட்டிட்டேன். ஃபிலிம் போர்த்தி, நடுவுல பிடிச்சுத் தூக்கினா இடது பக்கமா சாயுது. கேட் மாடல்ல பால்சாவுக்கு ஒரே அடர்த்திதான் கொடுத்திருந்தோம். மரத்துக்கு அது தெரியாதே! கடைசியில வலது நுனியில சில்லறைக் காசை டேப் போட்டு ஒட்டினோம். எடையைக் குறைக்க ரெண்டு மாசம் உழைச்சுட்டு, காசு ஒட்டிப் பறக்கவிட்ட டீம் நாங்க.

அதனால என் கருத்து: முதல் வருஷப் பசங்க கையில லேசர் ஃபைலைக் கொடுக்காதீங்க, தராசைக் கொடுங்க. ஒவ்வொரு ஷீட்டையும் நிறுத்து, மூலையில பென்சிலால எடையை எழுதி, இடதுக்கும் வலதுக்கும் ஜோடி சேர்க்கட்டும். "டெட்லைன் இருக்கு ப்ரோ"ன்னு சொல்வீங்க. ஒரு கட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

இந்த செமஸ்டருக்கு வந்த கட்டு இன்னும் பிரிக்காம அலமாரியிலதான் இருக்கு. தராசு கீழ் டிராயர்ல. பேட்டரி மட்டும் மாத்தணும்.